பெராக்சைடு ஊற்றியும் கசடு இறுகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடைச் சுழற்றித் தண்ணீரைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜிலிருந்து விழும் கேக்கில் (தண்ணீர் நீக்கிய கசடில்) ஒரு பிடி எடுத்து, கையுறை போட்ட கையில் இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் களி மாதிரி பிதுங்கினால் உள்ளே தண்ணீர் இன்னும் நிறைய இருக்கிறது. உடைந்து உதிர்ந்தால் நல்ல கேக். லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே இந்தக் கைப்பிடி பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஏரேஷன் டேங்கிலிருந்து (கழிவுநீருக்குக் காற்று ஊட்டும் தொட்டியிலிருந்து) வரும் உபரிக் கசடு பிழியக் கஷ்டமானது. நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றிப் புரதமும் சர்க்கரைச் சங்கிலிகளும் கலந்த ஒரு பசையைக் கட்டிக்கொள்கின்றன. வெண்டைக்காயை நறுக்கும்போது வரும் வழவழப்பு போல அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே சுற்றி நிற்கும் தண்ணீரை, கசடைத் திரட்டப் போடும் பாலிமர் பிரித்துவிடும். பசைக்குள் மாட்டிய தண்ணீரிடம் அதன் வேலை நடக்காது. அந்தப் பசையை உடைக்கத்தான் ஆக்சிஜனேற்றம்.

இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் கடுமையான ஆக்சிஜனேற்றம் நடக்கும் என்று ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1894-லேயே எழுதினார். கசடுக்கு இன்று அதிகம் சோதிக்கப்படுவது அவர் பெயரால் வழங்கும் அந்த முறைதான். ஆய்வுகளில் அடிக்கடி வரும் அளவு இது: பி.எச். 3, ஒரு கிலோ உலர் திடப்பொருளுக்குச் சுமார் 25 கிராம் பெராக்சைடு, அதோடு 1.7 கிராம் அளவுக்கு இரும்பு, ஒரு மணி நேரம். இதை நம் டேங்க் கணக்கில் பார்ப்போம். 3 சதவீதக் கசடு 20 கன மீட்டர் இருந்தால் அதில் 600 கிலோ உலர் திடப்பொருள் இருக்கும். அதற்கு 15 கிலோ பெராக்சைடு வேண்டும், 50 சதவீதக் கரைசலாக எடுத்தால் ஏறத்தாழ 25 லிட்டர். இரும்பு ஒரு கிலோ வேண்டும். கடையில் கிடைக்கும் அன்னபேதியாக (ஃபெர்ரஸ் சல்ஃபேட்) எடுத்தால் 5 கிலோ.

பலன் என்ன? அதே 600 கிலோவை 20 சதவீத கேக்காக எடுத்தால் 3 டன். 25 சதவீதமாக எடுத்தால் 2.4 டன். 600 கிலோ தண்ணீரை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லை. இதற்காகத்தான் இத்தனை பாடு.

எதையும் மாற்றுவதற்கு முன்: நான்கு பீக்கர்

கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் இங்கேதான் திரும்பி வருவோம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கசடை நான்கு பீக்கரில் 500 மி.லி. வீதம் எடுங்கள். முதல் பீக்கரில் எதுவும் போட வேண்டாம். இரண்டாவதில் அமிலம் மட்டும். மூன்றாவதில் அமிலமும் அன்னபேதியும். நான்காவதில் அமிலம், அன்னபேதி, பெராக்சைடு மூன்றும். ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் ஒரே பி.எச்.சுக்குக் கொண்டுவந்து, ஒரே அளவு பாலிமர் போட்டு, தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் பிரிகிறது என்று பாருங்கள்.

சி.எஸ்.டி. (தந்துகி உறிஞ்சு நேரம்) அளக்கும் கருவி இருந்தால் நல்லது. உறிஞ்சுதாளின் மேல் நிற்கும் சின்ன எஃகுக் குழாயில் கசடை ஊற்றினால், கசிந்த ஈரம் தாளில் ஓர் உணரியிலிருந்து அடுத்த உணரிக்குப் போக எத்தனை வினாடி ஆகிறது என்று அது காட்டும். வினாடி குறைந்தால் கசடு நன்றாக வடிகிறது என்று பொருள். கருவி இல்லையா? புனலும் வடிதாளும் போதும். 5 நிமிடத்தில் எத்தனை மி.லி. வடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு காரணம் உண்டு. அமிலமே கசடின் குணத்தை மாற்றும். இரும்பு தானாகவே திரட்டும். சில கசடுகளில் இவை இரண்டுமே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். அது தெரியாமல் பெராக்சைடுக்குச் செலவு செய்வது நகராட்சிப் பணத்தை வாய்க்காலில் விடுவதற்குச் சமம். மூன்றாம் பீக்கருக்கும் நான்காம் பீக்கருக்கும் வித்தியாசம் இல்லையென்றால் உங்கள் கசடுக்குப் பெராக்சைடு தேவையில்லை, அல்லது நீங்கள் ஊற்றும் பெராக்சைடு வேலை செய்யவில்லை. எது என்பதைக் கீழே பிரித்துப் பார்ப்போம்.

நுரை பொங்கி டேங்க் விளிம்பைத் தாண்டி வழிகிறது

நுரை இரண்டு வகை. எப்போது பொங்குகிறது என்பதைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

அமிலம் விடும்போதே பொங்கினால் அது கார்பன் டை ஆக்சைடு. டிஜெஸ்டரிலிருந்து (கசடைக் காற்றில்லாமல் செரிக்க வைத்து வாயு எடுக்கும் தொட்டியிலிருந்து) வந்த கசடில் காரத்தன்மை அதிகம். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 3000 மி.கி. இருந்தால், முழுதும் வெளியேறும்போது ஒரு லிட்டர் கசடிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வாயு கிளம்பும். 20 கன மீட்டர் டேங்கில் இது எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். அமிலத்தை மெதுவாக, கலக்கிக்கொண்டே விடுங்கள். டேங்கில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். இந்தக் காரத்தன்மையை அடக்கவே 20 கன மீட்டருக்கு ஏறத்தாழ 60 கிலோ கந்தக அமிலம் போய்விடும் என்பதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெராக்சைடு விடும்போது பொங்கினால் கதை வேறு. எங்கள் லேபில் ஒருமுறை புதுக் கசடில் அமிலம் சேர்க்காமலேயே பெராக்சைடை ஊற்றினோம். பத்து வினாடிக்குள் சாம்பல் நிற நுரை பால் பொங்குவது போல எழும்பி, பீக்கரின் மூக்கு வழியாக மேசையில் இறங்கியது. உதவியாளர் தம்பி, “சார், ரியாக்‌ஷன் சூப்பரா போகுது” என்று சந்தோஷப்பட்டார். பார்க்க அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த நுரை முழுக்க ஆக்சிஜன். கசடிலுள்ள உயிரணுக்களில் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துத் தள்ளிவிடும். பசைக்கு ஒன்றும் ஆகாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் வெளுத்த துணியில் மிஞ்சிய பெராக்சைடை எடுக்க “பெராக்சைடு கில்லர்” என்று ஊற்றுகிறார்களே, அதில் இருப்பதும் இதே நொதிதான். நம் கசடில் அது இயற்கையாகவே இருக்கிறது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் அமிலம். பி.எச். 3-க்கு வந்ததும் 10, 15 நிமிடம் விடுங்கள். அமிலத்தில் அந்த நொதி செயலிழந்துவிடும். அப்புறம் அன்னபேதியைக் கரைசலாக்கி ஊற்றி, நன்றாகக் கலந்த பிறகு பெராக்சைடை மெல்லிய தாரையாக விடுங்கள். ஒரே மூச்சில் கவிழ்த்தால் அதிகப்படியான பெராக்சைடே, பசையை உடைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ரேடிக்கலை (இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து உண்டாக்கும் கடுமையான ஆக்சிஜனேற்றியை) தின்றுவிடும். சூடும் ஏறும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கசடில் அமிலம் விட்டால் அதிலுள்ள சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும். மூக்கை நம்பாதீர்கள். 100 பி.பி.எம். அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துவிடும், அழுகிய முட்டை வாசனை நின்றுவிடும், ஆபத்து போய்விட்டது என்று ஆள் நினைத்துக்கொள்வார். அளவு இன்னும் ஏறினால் நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். இந்தத் தொழிலில் எத்தனையோ பேரைக் குழிக்குள் இழந்திருக்கிறோம். மூடிய டேங்க், காற்றை இழுத்து வெளியேற்றும் ஏற்பாடு, சட்டையில் மாட்டிய கேஸ் அலாரம் ஆகிய மூன்றும் இல்லாமல் அமிலம் விட வேண்டாம். அமிலம் போன டேங்குக்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்க வேண்டாம்.

நுரையும் இல்லை, பலனும் இல்லை

எல்லாம் ஊற்றியாகிவிட்டது, கேக் மட்டும் பழைய மாதிரியே இருக்கிறது. முதல் சந்தேகம் பி.எச். டேங்கில் தொங்கும் மின்முனையில் நாலே நாளில் வழவழப்பான படலம் படிந்துவிடும். திரையில் 3.1 என்று காட்டும், உள்ளே 4.5 இருக்கும். ஒரு குவளை கசடை எடுத்து, 4-லும் 7-லும் சரிபார்த்த கைக்கருவியில் அளந்து பாருங்கள். பி.எச். 4-ஐத் தாண்டினால் இரும்பு படியத் தொடங்கும், பலன் வேகமாகக் குறையும்.

இரண்டாவது அன்னபேதி. மூட்டையைத் திறந்து பாருங்கள். இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் வாய் திறந்த மூட்டை சில வாரத்திலேயே மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும். அது ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு (ஃபெர்ரிக்). பெராக்சைடோடு மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். பழுப்பானதைத் தூக்கிப் போட வேண்டாம், கசடைத் திரட்ட உதவும். ஆனால் ஃபென்டனுக்குப் பச்சையாக இருப்பதை எடுங்கள்.

மூன்றாவது பெராக்சைடின் வலிமை. 50 சதவீதக் கரைசலின் ஒப்படர்த்தி 1.2-க்குப் பக்கத்தில் இருக்கும், 35 சதவீதத்துக்கு 1.13. ஒரு ஹைட்ரோமீட்டர் போதும், சந்தேகத்தைத் தீர்த்துவிடும். துல்லியமாக வேண்டுமென்றால் அமிலம் சேர்த்துப் பெர்மாங்கனேட்டால் டைட்ரேஷன் செய்யுங்கள்.

நான்காவது கலக்கல். திக்கனரிலிருந்து (கசடைக் கெட்டியாக்கும் தொட்டியிலிருந்து) வரும் 4, 5 சதவீதக் கசடு கூழ் போல இருக்கும். அதில் பெராக்சைடு ஓர் ஓரமாகவே நின்றுவிடலாம். டேங்கின் மேலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுத்து பி.எச். ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

நான்கும் சரியாக இருந்தும் மூன்றாம் பீக்கரும் நான்காம் பீக்கரும் ஒரே மாதிரி வடிந்தால், ஏற்றுக்கொள்ளுங்கள்: இந்தக் கசடுக்கு இரும்பும் அமிலமும் போதும். சோதனை வீணாகிவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம். ஒரு பெரிய செலவைத் தவிர்த்திருக்கிறீர்கள்.

அமிலச் செலவு தாங்கவில்லை என்பவர்கள் சோடியம் பெர்சல்ஃபேட்டைப் பீக்கரில் பார்க்கலாம். அன்னபேதியோடு சேர்த்தால் நடுநிலைக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும், சில நிமிடங்களில் முடிந்தும் விடும். ஆனால் அது சல்ஃபேட்டை விட்டுப்போகும். அதன் விளைவு பின்னால் வருகிறது.

வடிநீர் கலங்கலாக வருகிறது, பாலிமர் செலவு ஏறுகிறது

நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். கேக் கொஞ்சம் இறுகியது என்றதும் டோஸைக் கூட்டுவார்கள். இன்னும் இறுகும் என்று நம்பி மறுபடி கூட்டுவார்கள். ஒரு நாள் சென்ட்ரிஃபியூஜிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் வரும்.

பெராக்சைடு டோஸைக் கூட்டிக்கொண்டே போனால் சி.எஸ்.டி. வினாடி முதலில் சரிந்து, ஓர் இடத்தில் தரை தட்டி, அப்புறம் ஏறத் தொடங்கும். பசை உடைகிற வரைக்கும் நல்லது. அதற்கு மேல் போனால் உயிரணுவே வெடிக்கிறது. உள்ளேயிருக்கும் புரதம் தண்ணீரில் கரைகிறது, ஃபிளாக் (கசடு திரண்ட திரள்) தூள்தூளாகிறது. அந்தத் தூளுக்கெல்லாம் எதிர்மின் சுமை. நாம் போடும் நேர்மின் பாலிமரை அவை முதலில் தின்றுவிடும். அதனால்தான் பாலிமர் எவ்வளவு போட்டாலும் போதவில்லை.

ஆறு பீக்கர் எடுங்கள். ஒரு கிலோ உலர் திடப்பொருளுக்கு 0, 5, 10, 15, 25, 40 கிராம் என்று படி வையுங்கள். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும். வினாடி தரை தட்டும் இடத்தில் எது குறைந்த டோஸோ அதைத்தான் டேங்குக்கு எடுக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் 25 என்று இருக்கிறதே என்று அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். அது அவர்கள் கசடு. உங்களுடையது 10-லேயே தரை தட்டலாம்.

டோஸ் சரியாக இருந்தும் கலங்கலாக வந்தால் கலக்கியின் வேகத்தைப் பாருங்கள். பசை உடைந்த கசடு பலவீனமானது. வேகமாகச் சுற்றினால் அதுவே தூளாகிவிடும்.

ஃபிளாக் அழகாகக் கட்டுகிறது, பெல்ட்டில் ஏறியதும் கரைகிறது

“சார், உருண்டை உருண்டையா நல்லாக் கட்டுது. பெல்ட்ல விழுந்ததும் கூழாப் போயிடுது.” நகரும் துணிப் பட்டைகளுக்கிடையே கசடைப் பிழியும் பெல்ட் பிரஸ்ஸின் ஷிஃப்ட் ஆபரேட்டர் அண்ணன் வந்து இதைச் சொன்னபோது பாலிமர்தான் மட்டமாக வந்துவிட்டது என்று முடிவு செய்து, மூன்று நாள் பாலிமரையே மாற்றி மாற்றிப் பார்த்தோம். பிழை வேறு இடத்தில் இருந்தது.

மிச்சப் பெராக்சைடும் மிச்ச இரும்பும் சேர்ந்து பாலிமரின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தன. பாலிமர் போட்டவுடன் ஃபிளாக் கட்டும், சில நிமிடத்தில் பிடி தளர்ந்துவிடும். பீக்கரிலேயே இதைப் பார்க்கலாம். கட்டிய ஃபிளாக்கை ஒரு பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு ஐந்து முறை மாற்றி ஊற்றுங்கள். உடனே ஒருமுறை, பத்து நிமிடம் வைத்திருந்து ஒருமுறை. முதல் தடவை உடையாமல் இரண்டாவது தடவை உடைந்தால் மிச்ச ஆக்சிஜனேற்றியைச் சந்தேகப்படுங்கள்.

மிச்சத்தை அளக்கப் பொட்டாசியம் அயோடைடு, ஸ்டார்ச் சோதனையை நம்ப வேண்டாம். இந்தக் கசடில் ஃபெர்ரிக் இரும்பு நிறைய இருக்கிறது, அதுவும் அயோடைடை அயோடினாக்கி ஸ்டார்ச்சை நீலமாக்கிவிடும். பெராக்சைடுக்கென்றே வரும் சோதனைத்தாளை, நடுநிலையாக்கி வடிகட்டிய நீரில், தேவைப்பட்டால் நீர்த்துப் பயன்படுத்துங்கள்.

மிச்சம் இருந்தால் நேரம் கொடுங்கள், ஒரு மணியை ஒன்றரை மணியாக்குங்கள். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகு, எதுவும் சேர்க்காத புதுக் கசடைக் கொஞ்சம் கலந்துவிடுங்கள். முன்னால் நமக்குத் தொல்லை கொடுத்த அதே கேட்டலேஸ் இப்போது மிச்சப் பெராக்சைடை முடித்துக் கொடுக்கும். எவ்வளவு கலப்பது என்பதைப் பீக்கரில் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

பெராக்சைடு துளியும் மிச்சமில்லை என்று தெரிந்தும் பிடி தளர்ந்தால் சுண்ணாம்பைப் பாருங்கள். நாம் வழக்கமாக வாங்கும் நேர்மின் பாலிமர்களில் பல, பி.எச். 8, 9-ஐத் தாண்டினால் தம் மின்சுமையை இழந்துவிடும். நடுநிலையாக்கும்போது கை தவறிச் சுண்ணாம்பு கூடினால் பாலிமர் செத்தது. பக்கத்தில் அம்மோனியா கண்ணைக் கரித்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று அர்த்தம். பி.எச். 6-க்கும் 7-க்கும் நடுவில் நிறுத்துங்கள். பாலிமர் கடைசியில்தான் சேர வேண்டும்.

லேபில் சி.ஓ.டி. எகிறுகிறது, பி.ஓ.டி. குறைகிறது

தண்ணீரிலுள்ள கழிவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை டைக்ரோமேட் என்ற வேதிப்பொருளால் அளப்பது சி.ஓ.டி., நுண்ணுயிர்களைக் கொண்டு அளப்பது பி.ஓ.டி. இரண்டும் எதிரெதிராகப் போனால் தண்ணீரைவிடச் சோதனையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மிச்சப் பெராக்சைடு டைக்ரோமேட்டைத் தின்னும். ஒரு மில்லிகிராம் பெராக்சைடு 0.47 மில்லிகிராம் சி.ஓ.டி. போலத் தோற்றம் காட்டும். லிட்டருக்கு 200 மி.கி. மிச்சம் இருந்தால் இல்லாத சி.ஓ.டி. 94 மி.கி. ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஃபெர்ரஸ் இரும்பும் தன் பங்குக்கு மில்லிகிராமுக்கு 0.14 சேர்க்கும். பி.ஓ.டி. பாட்டிலிலோ பெராக்சைடு விதை உயிரிகளைக் கொன்று, ஆக்சிஜனையும் விடும். அளவு குறைந்தது போலத் தெரியும்.

மாதிரியின் பி.எச்.சை 10-க்கு மேல் உயர்த்தி மிதமாகச் சூடாக்கினால் பெராக்சைடு சிதைந்துவிடும், இரும்பும் படிந்துவிடும். சோதனைத்தாளில் இல்லை என்று பார்த்த பிறகு சோதியுங்கள். சோடியம் சல்ஃபைட் போட்டு முடிப்பவர்கள் ஒரு துளி கூடினாலும் அதுவும் சி.ஓ.டி.யாக வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் கழித்த பிறகும் சி.ஓ.டி. கூடுதலாகத்தான் இருக்கும். அது நிஜம். உடைந்த பசை எங்காவது போக வேண்டுமே, வடிநீரில்தான் போகிறது. அந்த வடிநீரைப் பிரஸ் ஓடும் நாலு மணி நேரத்திலேயே மொத்தமாக நிலையத்தின் தலைப்பகுதிக்குத் திருப்பிவிடாமல், ஒரு தொட்டியில் பிடித்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

டிஜெஸ்டரில் வாயு குறைகிறது, அல்லது வெளிநீரில் அம்மோனியா ஏறுகிறது

அம்மோனியா ஏறினால் திரும்பி வரும் வடிநீரில் மிச்சப் பெராக்சைடு இருக்கிறதா என்று பாருங்கள். நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மென்மையானவை, முதலில் அடிபடுவது அவைதான்.

வாயு குறைவதற்குப் பெரும்பாலும் சல்ஃபேட்தான் காரணம். கந்தக அமிலம், அன்னபேதி, பெர்சல்ஃபேட் எல்லாமே சல்ஃபேட்டைக் கொண்டுவருகின்றன. 20 கன மீட்டருக்கு 60 கிலோ அமிலம் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 2900 மி.கி. சல்ஃபேட். டிஜெஸ்டருக்குள் ஒரு கிராம் சல்ஃபேட் 0.67 கிராம் சி.ஓ.டி.யைச் சாப்பிட்டு ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறும். மீத்தேன் ஆக வேண்டிய உணவு அது. வாயு குறைவதோடு, வரும் வாயுவும் எஞ்சினை அரிக்கும். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களைப் போல டிஜெஸ்டர் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் இடங்களில் இது நேரடி நஷ்டம். என் தீர்மானமான கருத்து: அமில ஃபென்டன் டிஜெஸ்டருக்குப் பிறகுதான், பிரஸ்ஸுக்குச் சற்று முன்னால். டிஜெஸ்டருக்கு முன்னால் அதை வைக்கவே வேண்டாம்.

பிரஸ் துணி அடைகிறது, கேக் செங்கல் நிறமாகிறது

நிறம் இரும்பால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. துணியில் வெள்ளையாகச் சொரசொரப்பாகப் படிந்தால் ஜிப்சம், கந்தக அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. துருப்பிடித்த மாதிரி படிந்தால் இரும்பு, நீர்த்த ஆக்ஸாலிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் ஊற வைத்தால் விட்டுவிடும். ஜிப்சம் அவ்வளவு சுலபத்தில் கரையாது. நடுநிலையாக்கலில் பாதியைக் காஸ்டிக் சோடாவுக்கு மாற்றினால் படிவதே குறையும். வழியிலுள்ள சாதா இரும்புக் குழாய்களையும் பார்த்துவிடுங்கள், பி.எச். 3 அவற்றை விடாது.

பெராக்சைடு டிரம் சூடாகிறது, உப்புகிறது

மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு முதலில் இதைக் கவனியுங்கள். டிரம்முக்குள் துருவோ அன்னபேதித் தூளோ கசடோ போயிருக்கிறது, உள்ளேயே சிதைவு நடக்கிறது. ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். பாதுகாப்பான தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் அடித்துக் குளிரச் செய்யுங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். மூடியை இறுக்கவே கூடாது.

வராமல் தடுப்பது எளிது. வெளியே எடுத்த பெராக்சைடில் மிச்சம் இருந்தால் டிரம்மில் திருப்பி ஊற்றக் கூடாது. காற்று போகும் மூடி வேண்டும். அன்னபேதியையும் பெராக்சைடையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது, ஒரே வாளியில் மொள்ளவும் கூடாது. டோசிங் லைனில் சாதாரண பந்து வால்வு (ball valve) போட்டால், மூடும்போது குண்டுக்குள் மாட்டும் பெராக்சைடு சிதைந்து அழுத்தம் ஏறி வால்வையே வெடிக்க வைக்கும். காற்றுத் துளை உள்ள வால்வைக் கேட்டு வாங்குங்கள்.

கசடு படியவே மாட்டேன் என்கிறது

இது பிரஸ் பிரச்சினை அல்ல, அதற்கு முந்தியது. எஸ்.வி.ஐ. (கசடு எவ்வளவு நன்றாகப் படிகிறது என்று காட்டும் குறியீடு, கூடினால் படிவு மோசம்) 150-ஐத் தாண்டி, செட்டிலிங் டேங்கில் கசடு மேலே ஏறி வழிந்தால் முதலில் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நூல் நூலாக இழை உயிரிகள் தெரிந்தால், செட்டிலிங் டேங்கிலிருந்து ஏரேஷனுக்குத் திரும்பும் கசடில் குளோரின் விடலாம். ஏரேஷனில் இருக்கும் 1000 கிலோ கசடுக்கு நாளொன்றுக்கு 2, 3 கிலோ குளோரினில் தொடங்கி, தினமும் எஸ்.வி.ஐ. பார்த்துக் கூட்டுங்கள். வெளிநீர் பால் போல வெளிறினால் டோஸ் கூடிவிட்டது, குறையுங்கள். இழையே இல்லாமல் வழவழவென்று இருந்தால் குளோரின் உதவாது. இழை இருந்தாலும் குளோரின் தற்காலிகம்தான். ஏரேஷனில் ஆக்சிஜன் குறைவா, வரும் கழிவுநீர் அழுகியதா என்று காரணத்தைத் தேடிச் சரி செய்யாவிட்டால் இரண்டு வாரத்தில் திரும்பி வரும்.

கசடைக் குறைக்க ஓசோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஒரு கிராம் கசடுக்கு 0.03 முதல் 0.05 கிராம் வரை என்பதே வழக்கம். வெளிநீர் கலங்கினால் குறையுங்கள். வெளியேறும் கசடு குறைவதால் பாஸ்பரஸ் தண்ணீரிலேயே தங்கும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

நேற்று வரை சரியாக இருந்தது, இன்று இல்லை

டோஸ் மாறவில்லை, பம்ப் சரி, பி.எச். சரி. அப்படியென்றால் கசடு மாறியிருக்கிறது. கேட் ரிஜிஸ்டரை எடுத்து, முந்தின நாள் எத்தனை செப்டிக் டேங்க் லாரி வந்தது என்று பாருங்கள். பல வருடம் மூடிக் கிடந்த தொட்டியின் கசடில் சல்ஃபைடு நிறைய இருக்கும். அது பசைக்கு முன்னால் பெராக்சைடைச் சாப்பிட்டுவிடும். அமிலச் சூழலில் சல்ஃபைடு கந்தகமாவதற்கே கிலோவுக்குக் கிலோ பெராக்சைடு போகும். நடுநிலைக்கு மேல் சல்ஃபேட் வரை போனால் நாலு மடங்குக்கும் மேல். இந்த நாளில் வரும் வாயுவும் அதிகம், அலாரத்தைச் சரிபார்த்துவிட்டு அமில வால்வைத் தொடுங்கள்.

லாரிக் கசடை ஒரே நேரத்தில் திக்கனரில் இறக்காமல், தனித்தொட்டியில் வாங்கிக் காற்று ஊட்டிச் சிறுகச் சிறுகக் கலக்கலாம். அந்த வசதி இல்லையென்றால் அன்றைய கசடில் ஒரு வாளி எடுத்து லேபுக்கு அனுப்பி, நான்கு பீக்கரையும், டோஸுக்கான ஆறு பீக்கரையும் வரிசையாக வையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் அன்றைக்கு என்ன டோஸ் என்று தெரிந்துவிடும். அதை ஷிஃப்ட் புத்தகத்தில், லாரி எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.